ஜந்தர் மந்தருக்குத் துடுப்பு கொண்டுபோகாதீர்கள்

டெல்லியில் போராட்டங்கள் நடக்கும் ஜந்தர் மந்தரில் உட்கார அனுமதி வாங்குவது பயந்த அளவுக்குக் கஷ்டமில்லை. மனுவை எந்த வாசலில் கொடுப்பது என்று தெரியாமல் அலைந்ததுதான் கஷ்டம். அந்த அலைச்சலில் எங்களுக்கு இரண்டு நாள் போனது, ஆட்டோவுக்கு ஆயிரக்கணக்கில் போனது, சித்தப்பாவின் பொறுமையும் போனது.

ஊர் பாக் நீரிணைக் கரை. மனு இன்னும் நிலுவையில் இருப்பதால் பெயர் வேண்டாம். கரையில் ஒரு சின்னக் காவல் நிலையம் உண்டு. ஏழெட்டுப் பேர், ஒரு வயர்லெஸ் செட், ஒரு தொலைநோக்கி, அவ்வளவுதான். ஊரில் எல்லோரும் அதைக் 'கடல் ஸ்டேஷன்' என்பார்கள். அதை மூடி, தொலைவில் இருக்கும் பெரிய நிலையத்தோடு சேர்க்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. விசைப்படகு வைத்திருக்கும் என் சித்தப்பாவும் அவர் கூட்டாளிகளும் கொதித்துப் போனார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகுகள் கரையில் கிடக்கின்றன, கையில் வேலையில்லை. "டெல்லிக்கே போய் உக்காந்துருவோம்" என்று முடிவாகிவிட்டது.

எனக்குப் போன் வந்தது. "தாயி, நீ அங்கதான இருக்க, ஒரு பெர்மிஷன் மட்டும் வாங்கி வச்சிரு."

அந்த 'மட்டும்' இருக்கிறதே!

மே மாதத்தில் பெரும்பாலும் நாடாளுமன்றம் நடக்காது என்பதை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. எங்கள் தொகுதி எம்.பி.யைக் கூட்டிக்கொண்டு அமைச்சரைப் பார்ப்பதாகத் திட்டம். அவரோ ஊரில், தன் தொகுதியில் கல்யாண வீடுகளுக்குப் போய்க்கொண்டிருந்தார். பதினான்கு பேர் டெல்லியில் இருந்தோம், பார்க்க வேண்டியவர் எங்கள் ஊருக்கு இருபது கிலோமீட்டரில் இருந்தார். தடைக்காலத்தை விட்டால் படகுக்காரர்களுக்கு நேரம் கிடைக்காது, தடைக்காலத்திலோ பெரும்பாலும் கூட்டத்தொடர் இருக்காது. இந்த முடிச்சை அவிழ்க்க எனக்கு இன்றுவரை வழி தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சரி, அனுமதி. 2017 அக்டோபரில் பசுமைத் தீர்ப்பாயம் ஜந்தர் மந்தரில் போராட்டமே கூடாது என்றது; 2018 ஜூலையில் உச்ச நீதிமன்றம் முழுத் தடை செல்லாது, நெறிமுறை வகுத்து அனுமதியுங்கள் என்றது. அதனால் இப்போது காவல்துறையிடம் முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். எத்தனை பேர், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, யார் பொறுப்பு, எந்த வண்டியில் வருகிறீர்கள், எல்லாம் எழுத வேண்டும். கைவசம் குறைந்தது பத்து நாளாவது வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் தப்பு முழுக்க எங்களுடையது. விண்ணப்பத்தில் சங்கத் தலைவர் கையெழுத்துப் போட்டிருந்தார். ஆனால் தலைவர் வரவில்லை, அவர் மகளுக்கு அந்த வாரம் கல்யாணம். பொறுப்பேற்பவர் நேரில் இருக்க வேண்டாமா? சித்தப்பா பெயரில் புது விண்ணப்பம் எழுதி, ஊரிலிருந்து சங்கத்தின் லெட்டர்பேடில் கையெழுத்து வாங்கி, வாட்ஸப்பில் அனுப்பச் சொன்னால், விளக்கு வெளிச்சத்தில் சாய்வாகப் படம் எடுத்து அனுப்பினார்கள். முத்திரை பாதிதான் விழுந்திருந்தது. மறுபடி எடுத்தார்கள். அதில் பெருவிரல் விழுந்திருந்தது. மூன்றாவது முறை ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார் ஸ்கேன் செய்து அனுப்பினார், அது ஒரே நாளில் வேலை செய்தது. டெல்லியில் தொடர்புக்கு ஒருவர் வேண்டும் என்று என் எண்ணையும் மயூர் விகார் முகவரியையும் கொடுத்தேன். வீட்டுக்காரர் முகம் ஒரு வாரம் சரியில்லை.

அடுத்தது பேனர். இதைக் கேட்டால் சிரிப்பீர்கள், எனக்கு அன்று அழுகை வந்தது. தமிழ், இந்தி இரண்டிலும் அடிக்கச் சொல்லி ஒரு அச்சகத்தில் கொடுத்தேன். இந்தி கச்சிதமாக வந்தது. தமிழில் கொம்பும் காலும் எழுத்தை விட்டு ஓடிவிட்டன. 'கடலோர' என்பதில் 'லோ' மூன்று துண்டாகக் கிடந்தது. கடைக்காரருக்குத் தமிழ் தெரியாது, அவருக்கு எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. தமிழ் வரிகளை ஒருபோதும் எழுத்தாக அனுப்பாதீர்கள். படமாக மாற்றி அனுப்புங்கள், அச்சுக்கு முன் ஒரு மாதிரியைக் கண்ணால் பாருங்கள். இரண்டாவது பேனருக்கு மறுபடி காசு கொடுத்தேன்.

மதுரையில் திருக்குறள் எக்ஸ்பிரஸ் ஏறியவர்கள் நிஜாமுதீனில் இறங்கினார்கள். இறங்கும்போதே சித்தப்பா தோளில் ஆறடித் துடுப்பு. விசைப்படகுக்குத் துடுப்பு எதற்கு? அது நாட்டுப்படகு வைத்திருக்கும் பங்காளி ஒருவரிடம் இரவல் வாங்கியது. "போட்டோவுல கடல்காரன்னு தெரிய வேணாமா" என்றார். கீழ் பெர்த்துக்கு அடியில் படுக்கவைத்துக் கொண்டு வந்திருக்கிறார்கள், இரண்டு பயணிகள் தடுக்கி விழுந்தார்களாம்.

மறுநாள் காலை ஜந்தர் மந்தர் தடுப்பருகே காவலர் துடுப்பைத் தொட்டுப் பார்த்து, "யே டண்டா ஹை" என்றார். கம்பு, தடி எதுவும் உள்ளே போகக்கூடாது, கொடிக்குக்கூடக் கம்பு கூடாது. இது டண்டா இல்லை, படகு தள்ளுகிற 'சப்பு' என்று எனக்குத் தெரிந்த இந்தியில் விளக்கினேன். அவருக்கு வந்த சிரிப்பைப் பார்த்தால் விட்டுவிடுவார் என்றுதான் நினைத்தேன். விடவில்லை. தடுப்புக்கு வெளியே சுவரில் சாய்த்து வைத்து, மாலையில் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தார். வலைக்குத் தடையில்லை. ஆக, வலை கொண்டுபோங்கள், துடுப்பு வேண்டாம்.

தமிழ்நாடு என்றதும் பக்கத்துப் பந்தலில் உட்கார்ந்திருந்த ஆசிரியர்கள் கேட்ட முதல் கேள்வி, "மண்டை ஓடு எங்கே?" 2017இல் அய்யாக்கண்ணு தலைமையில் நம் விவசாயிகள் மண்டை ஓடுகளோடு உட்கார்ந்ததை இவர்கள் இன்னும் மறக்கவில்லை. எங்களிடம் வலை மட்டும்தான் என்றதும் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனால் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள். மே மாத டெல்லி வெயில் கடல் வெயில் போல இல்லை, காற்றே சுடும். பன்னிரண்டு மணிக்கு மேல் கோஷம் போடக்கூடத் தொண்டை வரவில்லை. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், உப்பு, ஒரு துண்டு, இது போதாது என்று வைத்துக்கொண்டு அதற்கு மேல் எடுத்துவையுங்கள். சாப்பாட்டுக்கு மட்டும் கவலையே இல்லை. நடக்கும் தூரத்தில் பங்களா சாஹிப் குருத்வாரா, அங்கே லங்கர் என்ற இலவச உணவுக்கூடத்தில் ரொட்டியும் பருப்பும். தலையை மூடத் துண்டு அங்கேயும் உதவியது.

ஐந்து மணிக்குக் கலைந்தோம். இனி மனு.

நாங்கள் செய்த பெரிய தப்பு இதுதான்: ஸ்டேஷன் யாருடையது என்று கேட்காமலே ரயில் ஏறியது. இந்தியக் கடலோரக் காவல்படை பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வருகிறது. கடலோரக் காவல் நிலையங்கள் கட்டுவதற்கான திட்டம் உள்துறையுடையது, முதல் கட்டம் 2005இல், இரண்டாம் கட்டம் 2011இல் தொடங்கியது. ஆனால் அந்த நிலையங்களில் உட்காரும் போலீஸ் மாநிலத்துடையது. படகுப் பதிவும் கடலுக்குப் போக டோக்கனும் மீன்வளத்துறை. மீன்வளம், கால்நடை, பால்வளம் மூன்றுக்கும் சேர்த்து 2019 முதல் மத்தியில் தனி அமைச்சகமே இருக்கிறது. எங்கள் கடல் ஸ்டேஷனிலோ கட்டடம் ஒருவருடையது, ஆள் இன்னொருவருடையது, வயர்லெஸ் யாருடையது என்று அங்கே வேலை பார்ப்பவருக்கே தெரியாது. மனுவின் தலைப்பில் நாங்கள் எழுதியிருந்தது 'மத்திய அரசு, புது டெல்லி'.

முதல் அலுவலக வரவேற்பறையில் இருந்தவர் தலை நிமிரவே இல்லை. உள்ளே போக பாஸ் வேண்டும், பாஸ் வேண்டுமென்றால் உள்ளேயிருந்து அதிகாரி போன் செய்ய வேண்டும், எந்த அதிகாரி என்று நாங்கள்தான் சொல்ல வேண்டும். பெயர் தெரியாது என்றேன். "பெயர் தெரியாமல் யாரைப் பார்க்க வந்தீர்கள்?" நியாயமான கேள்விதான், கேட்ட தொனிதான் இன்னும் எரிகிறது. அரை மணி கழித்து, இது எங்களுக்கு வராது, இன்னொரு பவன் என்றார். அங்கே போனோம். அங்கிருந்தவர் மனுவை முழுதாகப் படித்துவிட்டு, மீன்காரர் விஷயம், வேறு வாசல் என்றார். வேறு வாசலில் மதிய உணவு இடைவேளை. முடிந்ததும், சித்தப்பாவின் ஆதார் அசல் வேண்டும் என்றார்கள். அது கரோல்பாக் லாட்ஜில், பெட்டிக்குள். எடுத்து வந்தபோது நாள் முடிந்திருந்தது.

அன்றிரவு லாட்ஜில் சித்தப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், எல்லோருக்கும் தெரிந்த கதையை மறுபடி சொன்னார். ஒரு ராத்திரி படகுக்கு அடியில் சுழலும் விசிறியில் வலை சுற்றி இன்ஜின் நின்றுவிட்டது, பேட்டரி போய் ஜிபிஎஸ்ஸும் அணைந்துவிட்டது. செல்லில் சிக்னல் விட்டுவிட்டு வந்தது. கடல் ஸ்டேஷனுக்குப் போன் போட்டு, "கோயில் வெளக்கும் ஐஸ் கம்பெனி வெளக்கும் ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணாத் தெரியுது, ஆறு பாகம் தண்ணி" என்றார். பாகம் என்பது கடல்காரர்களின் ஆழக் கணக்கு. அந்தப் பக்கம் இருந்தவருக்கு அது போதும், பக்கத்தில் எந்தப் படகு நிற்கிறது என்று பார்த்து அனுப்பிவிட்டார். "தூரத்துல இருக்கவன் அட்சரேகை கேப்பான். நான் எங்க போவேன்?"

1554 என்ற கடலோரக் காவல்படை எண்ணும், 1093 என்ற கடலோரப் பாதுகாப்பு எண்ணும் எல்லோரிடமும் இருக்கின்றன. யாரும் அவற்றைக் குறை சொல்லவில்லை. ஐஸ் கம்பெனி விளக்கு எது என்று தெரிந்த ஆள் வேண்டும், கேட்டது அவ்வளவே.

மனுவில் இந்தக் கதை இல்லவே இல்லை! 'மீனவர் நலன் கருதி' என்று ஆரம்பித்து நான்கு பக்கம் பொதுப் பேச்சு. அன்றிரவே கிழித்து, இரண்டு பக்கமாகத் திருப்பி எழுதினேன். வந்தவர்களில் ஒருவருடைய மகன் இன்ஜினியரிங் படிக்கிறான், அவன் ஊரிலிருந்து ஒரு பத்தி அனுப்பினான். பிரிட்டனிலும் 2010 டிசம்பரில் கடலோர மீட்பு ஒருங்கிணைப்பு மையங்களைப் பாதிக்கு மேல் குறைக்கத் திட்டம் போட்டார்களாம். படகுக்காரர்கள் சொன்ன எதிர்வாதம் இதேதான்: உள்ளூர் இடப்பெயர் தெரியாதவன் எப்படி மீட்பான்? ஸ்காட்லாந்தில் கிளைட், ஃபோர்த் மையங்கள் 2012இல் மூடப்பட்டன. அங்கேயே ஸ்டோர்னோவே, ஷெட்லாந்து இரண்டில் ஒன்று போகும் என்று இருந்தது, எதிர்ப்புக்குப் பிறகு இரண்டும் தப்பின. இங்கிலாந்துக் கதை நமக்கெதற்கு என்று சித்தப்பா முணுமுணுத்தார். சேர்த்துவிட்டேன்.

இரண்டாம் நாள் ஒரே மனுவைத் தனித்தனி முகவரியிட்டு மூன்று பிரதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு நகல். வரவேற்பறையில் நிற்கவே இல்லை, நேராகத் தபால் வாங்கும் டாக் கவுண்டர். இரண்டு இடத்தில் நகலில் முத்திரை குத்தி, மனு பதிவானதற்கான டைரி எண் போட்டுக் கொடுத்தார்கள். மூன்றாவது இடத்தில் எழுத்தர் மனுவை வாங்கி ஓரமாகப் போட்டுவிட்டு, எண் அப்புறம் வரும், போங்கள் என்றார். போகவில்லை. பதினான்கு பேரும் கவுண்டருக்கு எதிரே சுவரோரம் வரிசையாக நின்றோம். சத்தமில்லை, கோஷமில்லை. இருபது நிமிடத்தில் எண் வந்தது. அந்த நேரம் உள்ளேயிருந்து வந்த ஒரு பிரிவு அதிகாரி என்ன கூட்டம் என்று கேட்டு, நின்றபடியே மனுவைப் புரட்டினார். அவர் நின்று படித்த ஒரே இடம் ஷெட்லாந்து பத்தி. "இது உண்மையா?" என்றார். உண்மை என்றேன். ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டார். சித்தப்பா என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார்.

இதையெல்லாம் செய்வதற்கு முன்பு 10 ரூபாயில் தகவல் உரிமை மனு போட்டிருக்க வேண்டும். நிலையத்தை மூட உத்தரவு இருக்கிறதா, இருந்தால் எந்த அலுவலகம், எந்தத் தேதி, நகல் கொடுங்கள். தப்பான அலுவலகத்துக்குப் போட்டாலும், சட்டத்தின் 6(3) பிரிவுப்படி ஐந்து நாளுக்குள் சரியான இடத்துக்கு அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும். எங்களுக்கு நடந்தது போல நாம் வெயிலில் வாசல் வாசலாக ஏற வேண்டியதில்லை. 30 நாளில் பதில் வர வேண்டும். தடைக்காலம் தொடங்கிய அன்றே போட்டிருந்தால், டெல்லிக்கு வருவதா சென்னைக்குப் போவதா என்பது மே நடுவிலேயே தெரிந்திருக்கும். அவர்கள் ரயில் ஏறிய மறுநாள்தான் எனக்கு அது உறைத்தது, அன்றே போட்டேன்.

பதில் இன்னும் வரவில்லை. ஜூன் 14 நள்ளிரவு தாண்டியதும் எல்லோரும் கடலுக்குப் போய்விட்டார்கள், சித்தப்பாவைப் போனில் பிடிப்பதே கஷ்டம். மூன்று டைரி எண்ணையும் படகு ஓட்டும் அறையான வீல் ஹவுஸுக்குள், கடல் ஸ்டேஷன் நம்பருக்குக் கீழே, மார்க்கரில் எழுதி வைத்திருக்கிறாராம். துடுப்பு இரவல் கொடுத்த பங்காளி, முனையில் ஒரு சில்லு பெயர்ந்திருப்பதைக் காட்டி, அது ரயிலிலா டெல்லியிலா என்று தினமும் கேட்கிறாராம்.