சீட்டின் நடுவில் ஒரு பூஜ்யம்

மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவர்கள் சீட்டை வாங்கியதும் மருந்தின் பெயரோடு பக்கத்தில் இருக்கும் எண்களையும் பார்ப்போம். 1-0-1 என்றால் காலையும் இரவும். நடுவில் உள்ள பூஜ்யம் மதியத்துக்கு. எத்தனை மாத்திரை வெட்டித் தர வேண்டும் என்ற கணக்கு அதிலிருந்தே மனதில் ஓடிவிடும். சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் எழுதிய சீட்டு வந்தால் மட்டும் நான் கொஞ்சம் நிதானிப்பேன். கீழே உள்ள வரிகளிலும் 1-0-1 இருக்கிறதா?

பெரும்பாலும் இருக்கும். சிறுநீர்த் தொற்றுக்கு சிப்ரோ 500, 1-0-1. வயிறு எரியாமல் இருக்க ஆன்டாசிட் திரவம், 1-0-1. ஏற்கெனவே சாப்பிட்டு வரும் கால்சியமும் அதே கணக்கு. எண்கள் ஒன்றாக இருப்பதால் எல்லாவற்றையும் ஒரே மடக்கில் விழுங்கிவிடுவார்கள். அங்கேதான் மருந்து வீணாகிறது.

சிப்ரோ குயினோலோன் என்ற மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்தது. குயினோலோன் மூலக்கூறின் ஓர் ஓரத்தில் ஒரு கார்பாக்சில் தொகுதியும் ஒரு கீட்டோ தொகுதியும் அடுத்தடுத்து நிற்கின்றன. அவற்றின் ஆக்சிஜன்கள் சேர்ந்து அலுமினியம், மெக்னீசியம், இரும்பு, கால்சியம் அயனிகளை இறுகப் பற்றிக்கொள்ளும். அந்தக் கூட்டு குடல் சுவரைத் தாண்டாது. தனியாகச் சாப்பிட்டால் சுமார் 70 சதவீதம் இரத்தத்தில் சேரும் சிப்ரோ, அலுமினியமும் மெக்னீசியமும் உள்ள ஆன்டாசிட்டோடு போனால் அதில் பத்தில் ஒரு பங்காகக்கூடக் குறைந்துவிடலாம்.

அந்த இடத்தை மாற்றிவிட்டால் தொல்லை தீருமே என்று தோன்றும். முடியாது. பாக்டீரியாவின் டி.என்.ஏ. முறுக்கைச் சரிசெய்ய இழையை வெட்டி ஒட்டுகிற நொதிகள் கைரேஸும் டோபோஐசோமரேஸ் 4-உம். வெட்டியதை ஒட்டவிடாமல் குயினோலோன் அங்கே போய் மாட்டிக்கொள்வது இதே ஓரத்தால்தான். அதுவும் ஒரு மெக்னீசியம் அயனியைப் பாலமாக வைத்துக்கொண்டு. மலேரியா மருந்தான குளோரோகுயின் தயாரிப்பில் வந்த ஒரு துணைப்பொருளிலிருந்து 1962-இல் ஜார்ஜ் லெஷர் குழுவினர் இந்தக் குடும்பத்தின் முதல் மருந்தான நாலிடிக்சிக் அமிலத்தைக் கொண்டுவந்தார்கள். பிறகு வந்தவர்கள் ஃப்ளூரினைச் சேர்த்தார்கள், பைபெரசின் வளையத்தைச் சேர்த்தார்கள். இந்த ஓரத்தை மட்டும் விட்டுவைத்தார்கள்.

"எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால்தானே தம்பி மறக்காது?" என்று ஓர் அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. கால்சியம், ஆன்டாசிட் போன்றவற்றுக்கு 2 மணி நேரம் முன்பு, அல்லது 6 மணி நேரம் பின்பு சிப்ரோவைச் சாப்பிட வேண்டும். காலை 7, இரவு 7 என்று வைத்தால் கால்சியத்துக்கு வசதியாக மிஞ்சுவது மதியம் 1 மணி. சீட்டில் பூஜ்யம் போட்டிருக்கும் அதே வேளை! டாக்டருக்கு போன் செய்தேன். சிப்ரோ முடியும்வரை கால்சியம் மதியம் ஒரு வேளை போதும், ஆன்டாசிட்டுக்குப் பதில் பான்டோபிரசோல் கொடுங்கள் என்றார். (பான்டோபிரசோல் வயிற்றில் அமிலம் சுரப்பதைக் குறைப்பது; அதில் இந்த உலோகச் சிக்கல் கிடையாது. இரண்டையுமே 'கேஸ் மருந்து' என்று கேட்பதால் வரும் குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல.) கால்சியத்தைத் தனி உறையில் போட்டு, 'மதியச் சாப்பாட்டோடு மட்டும்' என்று மார்க்கரில் எழுதினேன்.

"பால்?"

"மாத்திரையோடு வேண்டாம் அம்மா. பத்து மணிக்குக் குடியுங்கள். காபியையும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்."

காபியைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. கஃபீனைச் சிதைக்கும் கல்லீரல் நொதியை சிப்ரோ முடக்குகிறது. படபடப்பும் தூக்கமின்மையும் வரலாம், அவ்வளவுதான். ஆனால் முதுகுவலிக்கு எழுதும் டைசானிடினும் அதே நொதியை நம்பித்தான் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் இரத்த அழுத்தம் அபாயகரமாகச் சரியும்; சேர்க்கவே கூடாது. எலும்பு டாக்டருக்குச் சிறுநீரக டாக்டரின் சீட்டு தெரியாது. இரண்டும் சந்திக்கிற இடம் எங்கள் கவுண்டர்தான்.

வயதானவர்களிடமும் ஸ்டீராய்டு எடுப்பவர்களிடமும் குதிகாலுக்கு மேலே திடீரென வலித்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள் என்பேன். தசைநாண் அறுந்துபோகலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2008-இல் கட்டம் கட்டி எச்சரித்தது. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுவோருக்குத் தாழ்சர்க்கரை வரலாம். இதே குடும்பத்துக் கேட்டிஃப்ளாக்சசின் மாத்திரை இந்தியாவில் 2011-இல் தடையானதும் சர்க்கரையைத் தாறுமாறாக்கியதால்தான்.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. இன்னொரு குயினோலோனான லெவோஃப்ளாக்சசின் 2014 முதல், விற்பனையைக் கூடுதலாகக் கண்காணிக்கும் மருந்துகளின் எச்1 அட்டவணையில் இருக்கிறது. டாக்டர் பெயர், நோயாளி பெயர், அளவு எல்லாம் தனிப் பதிவேட்டில் ஏற வேண்டும். 3 ஆண்டு பாதுகாக்க வேண்டும். ஓஃப்ளாக்சசினில் கலந்திருக்கும் இரண்டு ஆடிப்பிம்ப வடிவங்களில் வேலை செய்கிற ஒன்றைப் பிரித்தெடுத்ததுதான் லெவோஃப்ளாக்சசின். ஆனால் அந்தப் பட்டியலில் ஓஃப்ளாக்சசினும் இல்லை, சிப்ரோவும் இல்லை. அவற்றுக்குச் சீட்டு இருந்தால் போதும்; அந்தத் தனிப் பதிவேடு வேண்டாம். நான் அவற்றையும் எழுதிவைக்கிறேன். நேரம் வீண் என்று முதலாளி முணுமுணுக்கிறார்.