20 கொண்டை ஊசி ஏறிப் போய் ஒரு எக்ஸ்

அக்கா மகன் ஏற்காட்டில் விடுதியில் தங்கிப் படிக்கிறான். யாரோ கொடுத்த பழைய டிஐ-84 பிளஸ் ஒன்று, வரைபடமும் போடுகிற கால்குலேட்டர், அவன் கையில். "சமன்பாடு போட்டா விடையே வரமாட்டேங்குது மாமா" என்றான் போனில். நான் கல்லூரி நாலு வருஷமும் கேசியோவில் ஷிஃப்ட், சால்வ் தட்டியே ஒப்பேற்றியவன். "ஞாயித்துக்கிழமை வர்றேன், அஞ்சு நிமிஷ வேலை" என்று சொல்லிவிட்டேன்.

போய்ப் பார்த்தால் கால்குலேட்டருக்கு உயிரே இல்லை. ட்ரிபிள் ஏ பேட்டரி நான்கு வேண்டும். நான் டிவி ரிமோட்டிலிருந்து உருவிக்கொண்டு போனது இரண்டு. ஒண்டிக்கடை வரை நடந்து வாங்கி வருவதற்குள், எக்ஸ்² − 5எக்ஸ் = 14 என்பதைப் பயல் காரணிப்படுத்தி 7, −2 என்று எழுதியே வைத்துவிட்டான். இனி மெஷினும் அதையே சொல்ல வேண்டும்.

மேத் பொத்தானை அழுத்தி மேல் அம்புக்குறியை ஒரு தட்டு தட்டினால் பட்டியலின் கடைசியில் இருக்கும் சால்வர், அதாவது சமன்பாட்டுக்கு விடை தேடும் வசதி, வரும். அதில் யாரோ போட்ட பழைய சமன்பாடு உட்கார்ந்திருந்தது. மறுபடி மேல் அம்பு, கிளியர். இந்தப் பழைய மாடலில் எல்லாவற்றையும் ஒரே பக்கம் தள்ளி, மறுபக்கம் பூஜ்யம் வருகிற மாதிரிதான் கொடுக்க வேண்டும். அதுவும் சரி. என்டர் அழுத்தினேன், கர்சர் அடுத்த வரிக்குப் போனது. இன்னொரு என்டர், இன்னொரு வரி. இப்படியே கால் மணி நேரம்! கர்சரை எக்ஸ் வரியில் நிறுத்தி, ஆல்ஃபா அழுத்திவிட்டு என்டர் தட்ட வேண்டுமாம். என்டர் பொத்தானுக்கு மேலேயே சால்வ் என்று பொடி எழுத்தில் இருக்கிறது. பயல்தான் கண்டுபிடித்தான்.

7 வந்தது, பக்கத்தில் சின்னக் கறுப்புக் கட்டத்தோடு. −2 எங்கே? இது ஒரு நேரத்தில் ஒரு விடைதான் தரும். எக்ஸில் இருக்கும் எண்ணை ஊகமாக வைத்துக்கொண்டுதான் தேடத் தொடங்குகிறது. இன்னொரு விடை வேண்டுமென்றால் ஊகத்தை நாம் மாற்ற வேண்டும். −10 கொடுத்தேன், சின்டாக்ஸ் பிழை. கழித்தல் பொத்தான் வேறு, எதிர்க்குறி வேறு. என்டருக்கு இடப்பக்கம் அடைப்புக்குறிக்குள் இருக்கிறதே, அதுதான் எதிர்க்குறி. அதைப் போட்டதும் −2 வந்துவிட்டது.

வரைபடத்திலும் பார்க்கலாம் என்று ஒரு வரியில் எக்ஸ்² − 5எக்ஸ், இன்னொரு வரியில் 14 போட்டோம். 14-இன் கோட்டைக் காணவே இல்லை. திரை 10 வரைதான் காட்டும். விண்டோ பொத்தானை அழுத்தி ஒய்மேக்ஸை, அதாவது திரையின் மேல் எல்லையை, 20 ஆக்கியதும் கோடு தெரிந்தது.

"அஞ்சு நிமிஷம்னீங்களே மாமா" என்றான். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன்.