படித்த மெயிலும் பதில் வராத மெயிலும்

திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றில் பதினோரு வருடமாக மெர்ச்சண்டைசர் வேலை, அதாவது ஆர்டர் கொடுப்பவருக்கும் கம்பெனிக்கும் நடுவில் நின்று ஆர்டரை முடித்துக் கொடுப்பது. லேப் டிப் (நிறம் பார்க்கச் சாயமேற்றிய சின்னத் துணித்துண்டு), ஃபிட் சாம்பிள் (அளவு பார்க்கத் தைத்தது), பி.பி. சாம்பிள் (உற்பத்திக்கு முந்தின மாதிரி) என்று வரிசையாகக் கூரியரில் அனுப்பிவிட்டு, ஆர்டர் கொடுத்த பையரிடமிருந்து 'ஓகே' வருவதற்காகக் காத்திருப்போம். அது வராமல் துணி டையிங்குக்கு, அதாவது சாயமேற்றப் போகாது, கட்டிங் டேபிளில் கத்தி ஓடாது.

நாலு வருடம் முன்பு ஜெர்மன் பையர் ஒருவருக்குக் குழந்தைகள் டி-சர்ட் ஆர்டர். பச்சை நிறத்துக்கு ஏ, பி, சி என்று மூன்று லேப் டிப் அனுப்பியிருந்தேன். ஒரு வாரம் பதில் இல்லை. ஃபோனில் கேட்டபோது, "திங்கட்கிழமையே பி ஓகே என்று எழுதிவிட்டோமே" என்றார்கள். தேடினால், மெயில் எங்கள் பெட்டியிலேயே இருந்தது. முந்தின சீசன் மெயில் ஒன்றைத் திறந்து அதற்கே ரிப்ளை போட்டிருந்தார்கள். அது பழைய ஸ்டைலின் (ஆடை மாடலின்) மெயில்களோடு சேர்ந்து கிடந்தது.

பக்கத்து சீட் பையன்தான் அதைத் திறந்திருக்கிறான். "அக்கா, பழைய ஸ்டைல் ரேட்டைத் தேடறப்போ பார்த்தேனுங்க. நீங்களும் பார்த்திருப்பீங்கன்னு நெனச்சேன்" என்றான். அவன் மேல் தப்பில்லை. நாங்கள் இருவரும் ஒரே மெயில் பெட்டியை தண்டர்பேர்ட் என்ற மெயில் மென்பொருளில் ஐமேப் வழியாகப் பார்க்கிறோம். ஐமேப் என்பது மெயில்களைச் சர்வரிலேயே வைத்துப் பார்க்கும் முறை, அதில் 'படித்தாயிற்று' என்ற குறியும் சர்வரிலேயே விழும். அவன் திறந்த நொடியில் என் திரையிலும் தடித்த எழுத்து மெலிந்துவிட்டது. டையிங்கில் பிடித்து வைத்திருந்த நாள் கைவிட்டுப் போனது. தூத்துக்குடியில் கப்பலைப் பிடிக்கத் தையல் பிரிவில் ஒன்பது நாள் இரவு ஷிப்ட் ஓடியது. பத்து மணிக்கு மேல் அந்த மெஷின்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்களின் முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அதுவரை படிக்காத மெயில் பாக்கி இல்லையென்றால் வேலை முடிந்தது என்றே நம்பியிருந்தேன். கவனிக்க வேண்டியது வந்த மெயிலை மட்டுமல்ல, வர வேண்டியதையும்தான். மறுநாளே நாங்கள் அனுப்பும் மெயில்களுக்கும் குறி வைக்க ஆரம்பித்தோம். தண்டர்பேர்டில் மெயிலைத் தேர்ந்தெடுத்து எண் விசையைத் தட்டினால் டேக் என்ற வண்ணக் குறி விழும். 4-ஆம் டேகுக்கு 'பையர் பதில் வரணும்' என்று பெயர் மாற்றினோம். எங்கள் சர்வர் டேகையும் சேமித்து வைப்பதால் இரண்டு கம்ப்யூட்டரிலும் தெரியும். ஆனால் மாற்றிய பெயர் அந்தந்தக் கம்ப்யூட்டரோடு நின்றுவிடும். இரண்டிலும் தனித்தனியாக மாற்றி, நிறத்தையும் ஒன்றாக வைக்க வேண்டியிருந்தது. பதில் வந்து, அதை டையிங்குக்கோ கட்டிங்குக்கோ சொன்ன பிறகுதான் டேகை எடுக்கலாம். இந்த ஒரு விதியில் நான் கறாராக இருக்கிறேன்.

நினைவூட்டும் விதமும் மாறியது. 'மென்மையான நினைவூட்டல்' என்று வெறுமனே எழுதுவதை விட்டுவிட்டேன். பையருக்கு அதில் ஒரு தகவலும் இல்லை. "வியாழன் காலை சாயத்தொட்டியில் இடம் பிடித்திருக்கிறோம். புதன் உங்கள் மதியத்துக்குள் தெரிந்தால் தேதி தவறாது" என்று எழுதினால் பெரும்பாலும் அன்றே பதில் வருகிறது. கேட்கும் நேரமும் முக்கியம். ஜெர்மனியில் காலை ஒன்பது என்றால் குளிர்காலத்தில் நமக்கு மதியம் ஒன்றரை, கோடையில் பன்னிரண்டரை. இத்தாலி பையர்களிடம் ஆகஸ்ட் 15-ஐ ஒட்டி எதையும் கேட்டுப் பயனில்லை, பாதி ஊர் விடுமுறையில் இருக்கும். இதையெல்லாம் அட்ரஸ் புக்கில் அவரவர் பெயருக்குக் கீழே குறிப்பாக எழுதி வைத்திருக்கிறேன். யாருக்குப் படத்தோடு அனுப்ப வேண்டும், யார் வெள்ளி மதியத்துக்கு மேல் சீட்டில் இருக்கமாட்டார் என்பதுகூட அதில் உண்டு.

போன தை மாதம் தங்கை கல்யாணத்துக்கு எட்டு நாள் லீவு போட்டேன். கிளம்பும்போது 4-ஆம் டேகில் பதினாலு மெயில். திரும்பி வந்து பார்த்தபோது மூன்றுதான் மீதி. மூன்றிலும் பையன் நினைவூட்டி எழுதியிருந்தான், சாயத்தொட்டித் தேதியோடு.