சுடுதண்ணீர்க் குழாய்: செம்பா, பிளாஸ்ரிக்கா?

அம்மாவின் மார்கழி மாதக் காலைக் குளிப்புக்காக, வீட்டுக் கூரையில் சூரிய வெப்பத்தில் இயங்கும் சுடுதண்ணீர்க் கருவியொன்றைப் பொருத்துவதென்று தீர்மானித்தோம். லண்டனிலிருக்கும் தம்பி, தன் வீட்டின் வெப்பமூட்டும் ஏற்பாட்டைப் புதுப்பித்தபோது செம்பைக் கைவிட்டு, பற்றவைக்காமல் தள்ளிப் பொருத்தும் பிளாஸ்ரிக் குழாய்களைப் போட்டிருந்தான்; இங்கும் அதுவே நல்லதென்றான்.

அவனுடைய வீட்டுக்கு அந்தத் தெரிவு பொருத்தமானதுதான். வளையக்கூடிய குழாயை மரத்தளத்தின் கீழ் இணைப்பில்லாமலே நெடுந்தூரம் இழுக்கலாம். மரத்துக்கு அருகே தீச்சுடர் பிடிக்க வேண்டியதில்லை. அவன் கொடுத்துவிட்ட இணைப்பொன்றைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே ஒரு ரப்பர் வளையம், அதற்கு முன்னால் குழாயைக் கவ்விக்கொள்ளும் பல்வளையம், இவை மட்டுமே இருந்தன. குழாயின் வெட்டுமுகம் நேராகவும் பிசிறில்லாமலும் இருந்து, குழாயின் வாய் நசுங்காதபடி உள்ளே தாங்குகுழல் என்னும் சிறு குழலும் செருகப்பட்டிருந்தால் அந்தப் பிடி உறுதியானது. கோணலாக வெட்டினால் ரப்பர் கீறுப்பட்டு நாளடைவில் கசியும்.

ஆனால் அங்கு ஓடுவது ஒரே தண்ணீர். மூடிய சுற்றுக்குள், அரிப்புத் தடுப்பு மருந்துடன், திரும்பத் திரும்பச் சுற்றுகிறது. நம் குழாயிலோ சுண்ணாம்புக்கற்பாறையில் ஊறிய கிணற்றுத் தண்ணீர் நாள்தோறும் புதிதாக வந்து சூடேறுகிறது. சூடேறும்போது அதிலுள்ள கல்சியம் காபனேற்று படிகிறது. கேத்திலின் அடியில் தட்டினால் பொருக்காகக் கழரும் அதே வெள்ளைதான். ஆகவே உள்விட்டம் இங்கு முக்கியமாகிறது. 15 மில்லிமீற்றர் செம்புக் குழாயின் உள்விட்டம் 13.6 மில்லிமீற்றர், அதே அளவுப் பிளாஸ்ரிக் குழாயின் சுவர் தடிப்பானது, தாங்குகுழலும் சேர்ந்தால் வழி மேலும் ஒடுங்கும்.

வெயிலும் வெப்பமும் அதைவிடப் பெரிய காரணங்கள். பங்குனி, சித்திரையில் யாரும் சுடுதண்ணீர் திறக்காத நாட்களில் தாங்கியின் வெப்பநிலை பிளாஸ்ரிக் தாங்கக்கூடிய எல்லையை நெருங்கும். அதனால்தான் உற்பத்தியாளர்களும் இத்தகைய குழாயைச் சூரியக் கருவியுடன் நேரடியாக இணைக்க வேண்டாம் என்று அறிவுறுத்துவது வழக்கம். 10 மீற்றர் செம்புக் குழாய் 50 பாகை செல்சியஸ் சூடேறினால் 8 அல்லது 9 மில்லிமீற்றர் நீளும். இத்தகைய பிளாஸ்ரிக் குழாய்களில் ஒரு வகையான குறுக்குப்பிணைப்புப் பொலித்தீன் குழாயோ 7 சென்ரிமீற்றருக்கு மேல் நீளும். சாதாரண வெள்ளைப் பிவிசி குழாய் 60 பாகைக்கு மேல் இளகிவிடும் என்பதால், குழாய் வேலைக்கு வந்தவர் எவ்வளவு சொல்லியும் அதை நான் ஏற்கவில்லை.

இறுதியில், கருவியிலிருந்து கூரை வழியாகச் சுவர் வரை 22 மில்லிமீற்றர் செம்பு, வெப்பக்காப்பு உறையுடன். சுவரோரத்தில், கொதிநீரையும் குளிர்நீரையும் கலந்து சூட்டைத் தணிக்கும் வால்வு ஒன்று. அது அம்மாவின் தோலுக்கும் பாதுகாப்பு, அதற்கப்பால் வரும் பிளாஸ்ரிக்குக்கும் பாதுகாப்பு. வீட்டினுள்ளே முழுநீளப் பிளாஸ்ரிக் குழாய். தள்ளிப் பொருத்தும் இணைப்புகள் கை எட்டும் இடங்களில் மட்டும். சாந்துக்குள் ஒன்றையும் புதைக்க விடவில்லை.

பழைய நாகம் பூசிய இரும்புக் குழாயில் மிஞ்சிய துண்டைச் செம்புக்கு அடுத்ததாக மாட்டலாம் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். செம்பிலிருந்து கரைந்து வரும் துகள் நாகப்பூச்சில் படிந்து, அந்த இரும்பை விரைவிலேயே துளைத்துவிடும்.