கோடுகள் கூடிக்கொண்டே போன எட்டு மாதங்கள்

காலில் முள் ஏறினால் எங்கள் அப்பத்தா வேலியோரத்து எருக்கஞ்செடியில் ஓர் இலையைக் கிள்ளி, வடிகிற பாலை முள் ஏறிய இடத்தில் இரண்டு சொட்டு வைப்பார். மறுநாள் அந்த இடம் இளகி முள் தலைகாட்டும். செக்கானூரணிப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. அந்தப் பாலில் புரதத்தைத் துண்டாடும் நொதிகள் நிறைந்திருக்கின்றன என்பதை முதுகலை உயிர்வேதியியல் வகுப்பில்தான் அறிந்தேன். 2010இல் நெட் தேர்வில் இளநிலை ஆய்வாளர் உதவித்தொகைக்குத் தேர்வாகி, மாதம் 16,000 ரூபாயுடன் மதுரையில் ஓர் ஆய்வகத்தில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தபோது, எதை எடுத்துக்கொள்ளப் போகிறாய் என்று நெறியாளர் கேட்டார். நான் யோசிக்காமல் எருக்கம்பால் என்று சொன்னதற்கு அப்பத்தாதான் காரணம்.

பட்டம் பெறும் வரையிலான ஆறு ஆண்டுகளையும் இங்கே எழுதப் போவதில்லை. நொதியைத் தூய்மைப்படுத்தும் வேலையில் நான் இழந்த எட்டு மாதங்களையும், அதிலிருந்து வெளியே வந்த விதத்தையும் மட்டும் எழுதுகிறேன். புரதச் சிதைப்பு நொதிகளில் கை வைக்கும் மாணவர்கள் இதே குழியில் விழுவதை இன்றும் பார்க்கிறேன்.

நான் தேடிய நொதி பப்பாளிப் பாலில் இருக்கும் பப்பெயினுக்கு உறவு. பப்பெயின் 212 அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலி. அதன் முப்பரிமாண வடிவத்தை 1968இல் நெதர்லாந்தில் டிரெந்த் என்பவரின் குழுவினர் வெளியிட்டனர். 25ஆம் இடத்திலுள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தில் இருக்கும் கந்தக அணுதான் புரதச் சங்கிலியை வெட்டும் கத்தி முனை. அந்தக் கந்தகம் காற்றிலுள்ள ஆக்சிஜனால் மழுங்கிவிடும். ஆக்சிஜன் செய்த மாற்றத்தைத் திருப்பும் ஒடுக்கும் பொருள் ஒன்றை, உதாரணமாகத் தனிச் சிஸ்டீனை, சேர்த்தால் மீண்டும் கூர்மை பெறும். எருக்கம்பாலிலுள்ள நொதிகளும் இந்த வகையைச் சேர்ந்தவையே. அவற்றுக்குக் கலோட்ரோபின் என்று பெயரிட்டு 1970களின் இறுதியிலேயே நம் நாட்டில் பிரித்திருந்தார்கள். ஆகவே நான் யாரும் காணாத ஒன்றைத் தேடிப் போகவில்லை. அவற்றில் ஒன்றைத் தனியாகப் பிரித்து, எந்த வெப்பத்தில், எந்த அமிலத்தன்மையில் எப்படி வேலை செய்கிறது என்று அளப்பதே என் திட்டமாக இருந்தது.

பால் எடுப்பது விடியற்காலை வேலை. வெயில் ஏறினால் பால் சுரப்பது குறைந்துவிடும் என்பதால் ஐந்தரை மணிக்கே கீழக்குயில்குடிக்குப் போய்விடுவேன். சமணர் மலையைச் சுற்றிய பொட்டல் முழுக்க எருக்கு நிற்கும். கண்ணாடியும் கையுறையும் அணிந்து, கொழுந்தை ஒடித்தவுடன் சொட்டும் பாலை, ஐஸில் வைத்த குழாயிலுள்ள பஃபரில் (அமிலத்தன்மையை மாறாமல் வைக்கும் கரைசல்) நேரடியாக விழச் செய்ய வேண்டும். வெறும் குழாயில் பிடித்தால் சிறிது நேரத்தில் ரப்பர் போலத் திரண்டுவிடும். ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் நான் போகும் நாளெல்லாம் நின்று பார்ப்பார். "பாத்து தாயி, கண்ணுல பட்டுச்சுன்னா பார்வைக்கே ஆகாது" என்று சொல்லாமல் அவர் நகர்ந்ததில்லை. அவர் சொன்னது உண்மைதான். எருக்கம்பால் கருவிழியை வீங்கச் செய்து பார்வையை மங்கவைக்கும். முப்பது செடிகளை ஒடித்தால் ஏறக்குறைய 20 மில்லிலிட்டர் கிடைக்கும்.

ஆய்வகத்தில் அதை ஒருமுறை உறையவைத்து உருக்கி, வேகமாகச் சுழற்றினால் பிசின் முழுவதும் தனியே ஒதுங்கி, மேலே தெளிந்த நீர் நிற்கும். அதில் அமோனியம் சல்பேட்டைச் சேர்த்துப் புரதத்தை வீழ்த்துவேன். 70 விழுக்காடு செறிவுக்கு, பூச்சியம் டிகிரியில், 100 மில்லிலிட்டருக்கு 43.6 கிராம். அந்த உப்பை ஒரே தடவையில் கொட்டக் கூடாது. ஐஸில் வைத்துக் கலக்கிக்கொண்டே, முந்தைய சிட்டிகை கரைந்த பிறகுதான் அடுத்ததைப் போட வேண்டும். நுரை எழும்பினால் புரதம் கெட்டுப்போகும். ஒரு மணி நேரம் எடுக்கும் இந்த வேலையைப் பத்து நிமிடத்தில் முடித்தவர்களின் முடிவுகளை நான் நம்புவதில்லை. பிறகு வீழ்படிவைக் கரைத்து, புரதத்தை உள்ளே நிறுத்தி உப்பை மட்டும் கசியவிடும் டயாலிசிஸ் பையில் ஊற்றி, இரு முனைகளையும் முடிந்து, பஃபரில் இரவு முழுதும் மிதக்கவிட்டு உப்பை வெளியேற்ற வேண்டும். உள்ளே இருக்கும் உப்பு தண்ணீரை இழுத்துப் பை புடைக்கும் என்பதால் பாதி இடத்தைக் காலியாக விட்டே முடிச்சிட வேண்டும். முதல் முறை நான் தளும்பத் தளும்ப நிரப்பினேன். காலையில் வந்து பார்த்தபோது பை வெடித்து, மூன்று நாள் உழைப்பு இரண்டு லிட்டர் பஃபரில் கலந்து கிடந்தது.

அதன் பிறகு, எதிர்மின்னூட்டம் கொண்ட செயற்கைப் பிசின் மணிகள் நிரப்பிய கண்ணாடிக் குழாயில் கரைசலை இறக்கினேன். கலோட்ரோபின்கள் நடுநிலைக் கரைசலில் நேர்மின்னூட்டம் கொண்டவை, பிசினில் ஒட்டிக்கொள்ளும். உப்பின் அளவைச் சிறிது சிறிதாக ஏற்றினால் ஒவ்வொன்றாக இறங்கும். இறங்கிய ஒவ்வொரு பகுதியையும் பால் புரதமான கேசினோடு சேர்த்து வைத்து, சிறிது நேரம் கழித்து டிரைகுளோரோ அசிட்டிக் அமிலத்தை ஊற்றுவேன். வெட்டுப்படாத கேசின் பால் திரிந்தது போல வெள்ளையாகப் படியும். வெட்டுண்ட துண்டுகள் மேல்நீரில் கரைந்து நிற்கும். அந்த நீர் 280 நானோமீட்டர் புற ஊதா ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளந்தால் நொதி எந்த அளவுக்கு வெட்டியது என்று தெரியும். எனக்குக் கிடைத்த வரைபடத்தில் ஓர் அழகான சிகரம் இருந்தது. வேலை முடிந்துவிட்டது என்றே நம்பினேன்.

ஆனால் எஸ்டிஎஸ் ஜெல் (எஸ்டிஎஸ் என்ற சோப்பு போன்ற பொருளால் புரதங்களை விரித்து, மின்சாரத்தால் அளவு வாரியாகப் பிரிக்கும் முறை; சிறியவை கீழே போகும்) ஓட்டிப் பார்த்தபோது ஒரு கோட்டுக்குப் பதில் ஐந்து கோடுகள் தெரிந்தன. சுமார் 25 கிலோ டால்டன் மூலக்கூறு எடையில் ஒரு தடித்த கோடு, அதற்குக் கீழே நீல நிறத்தில் மெல்லிய நான்கு கோடுகள். சரி, வேறு புரதங்களும் கூடவே வந்திருக்கின்றன என்று முடிவு செய்து, அடுத்து அளவு வாரியாகப் பிரிக்கும் குழாயில் ஓட்டினேன். வந்தவை ஏழு கோடுகள். பிசினை மாற்றினேன், பஃபரை மாற்றினேன், உப்பை ஏற்றும் வேகத்தைக் குறைத்தேன். தூய்மை கூடக் கூடக் கோடுகளும் கூடின. ஒரு வாரம் குளிரில் இருந்த மாதிரியில் கீழ்க்கோடுகள் இன்னும் தெளிவாக இருந்தன. மாத அறிக்கையில் "தூய்மைப்படுத்தல் தொடர்கிறது" என்று எட்டு மாதங்கள் ஒரே வரியை எழுதினேன். அந்த நாட்களில் விடுதி அறையில் அழுதிருக்கிறேன். தலைப்பை மாற்றிவிடலாமா என்று நெறியாளரிடம் இரண்டு முறை கேட்டிருக்கிறேன். "இன்னும் ஒரு மாசம் பாரும்மா" என்று மட்டும் சொன்னார்.

அது 2012. சென்னைக்கு வெளியே தமிழ்நாடு முழுவதும் மின்வெட்டில் தவித்த ஆண்டு. மதுரையில் ஒரே நாளில் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்சாரம் இல்லாத நாட்கள் உண்டு. குளிர் அறையை நம்ப முடியாமல் கரிமேடு மீன் சந்தையில் ஐஸ் வாங்கி, தெர்மோகோல் பெட்டியில் உப்புத் தூவி, அதில் மாதிரிகளை வைத்திருந்தேன். ஒருநாள் மாலை ஜெல்லுக்கான மாதிரிகளை எஸ்டிஎஸ் கரைசலோடு கலந்து சூடாக்கும் கருவியில் வைத்த நேரத்தில் மின்சாரம் போனது. கருவி அப்போதுதான் சூடேறத் தொடங்கியிருந்தது. அரை மணி நேரம் கழித்து மின்சாரம் வந்தது. கருவி மெல்லச் சூடேறி 95 டிகிரியைத் தொட்டது. நானும் மாதிரிகளை எடுக்காமல் அப்படியே முடித்து ஜெல்லில் ஏற்றினேன். மறுநாள் சாயம் கழுவிப் பார்த்தபோது தடித்த கோடே இல்லை. ஜெல்லின் அடியில் நீலப் புகை போல ஒரு பூச்சு மட்டும் இருந்தது.

அந்த ஜெல்லை வெளிச்சப் பெட்டியின் மீது வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். கலப்படப் புரதங்கள்தான் கீழ்க்கோடுகள் என்றால், மெல்லச் சூடாக்கியதற்காக முக்கியக் கோடு ஏன் மறைய வேண்டும்? மறைந்தது எங்கே போனது? எஸ்டிஎஸ் கரைசலில் மெர்காப்டோ எத்தனால் இருக்கிறது. அது ஒடுக்கும் பொருள். மழுங்கிய கந்தகத்தைக் கூர்மையாக்குவதும் ஒடுக்கும் பொருள்தானே! பப்பெயின் குடும்பத்து நொதிகள் சோப்பையும் 60 டிகிரி வெப்பத்தையும் ஓரளவு தாங்கக் கூடியவை. ஆக, தூங்கிக்கொண்டிருந்த நொதியை ஜெல்லுக்குத் தயார் செய்கிறேன் என்று நானே எழுப்பிவிட்டு, அதற்கு மிகவும் உகந்த வெப்பத்தில் மெல்ல மெல்லக் கொண்டுபோயிருக்கிறேன். எழுப்பப்பட்ட நொதிக்கு அந்தக் குழாயில் வெட்டுவதற்கு இருந்த ஒரே புரதம் அதுவேதான். நான் எட்டு மாதங்களாக நீக்கப் பார்த்த "அழுக்கு" என் நொதியின் சொந்தத் துண்டுகள். தூய்மை கூடியபோது கோடுகள் கூடியதற்கும் அதுவே காரணம்: அதன் கவனத்தை ஈர்க்க வேறு புரதம் எதையும் நான் விட்டுவைக்கவில்லை.

எண்ணம் சரியா என்று சோதிக்க அயோடோ அசிட்டமைடு தேவைப்பட்டது. அது கந்தகத்தில் நிரந்தரமாக ஒட்டிக்கொண்டு நொதியைச் செயலிழக்கச் செய்யும். வெளிச்சத்தில் கெட்டுவிடும் என்பதால் அலுமினியத் தாளில் சுற்றிய குழாயில் அன்றன்றைக்குக் கரைக்க வேண்டும். முதல் முயற்சியில் எதுவும் மாறவில்லை. அதே கோடுகள். இரண்டு நாள் குழம்பிய பிறகுதான் பிடிபட்டது: மழுங்கிய கந்தகத்தில் அயோடோ அசிட்டமைடு ஒட்டாது. எனவே முதலில் மிகச் சிறிய அளவு சிஸ்டீனால் நொதியை ஐஸில் எழுப்பி, உடனே அளவுக்கு அதிகமான அயோடோ அசிட்டமைடைச் சேர்த்து, இருட்டில் அரை மணி நேரம் வைத்து, கேசினை அது இனி வெட்டவில்லை என்று உறுதி செய்துகொண்டு, அதன் பிறகே எஸ்டிஎஸ் கரைசலைக் கலந்தேன். கருவியை முன்கூட்டியே 95 டிகிரிக்குக் கொண்டுவந்து வைத்திருந்தேன்.

ஜெல்லில் ஒரே ஒரு கோடு. 25 கிலோ டால்டனுக்குச் சற்று மேலே, வேட்டிக் கரை போல நேராக. ஆய்வகத்தில் அந்த நேரம் உதவியாளர் அண்ணன் மட்டுமே இருந்தார். அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். பழைய ஜெல்லின் கீழ்க்கோடுகளை வெட்டியெடுத்துப் பெங்களூருக்கு நிறை நிறமாலைப் பகுப்பாய்வுக்கு (துண்டுகளின் எடையை அளந்து புரதத்தை அடையாளம் காணும் முறை) அனுப்பியதில், அவையெல்லாம் ஒரே புரதத்தின் பகுதிகள் என்று பிறகு உறுதியானது.

அந்த நாட்களில் அமெரிக்க உயிர்வேதியியலாளர் ஜேம்ஸ் சம்னரைப் பற்றி நிறையப் படித்தேன். நம் வாளவரைக்கு நெருங்கிய உறவான ஓர் அவரையிலிருந்து யூரியேஸ் நொதியைப் பிரிக்க 1917இல் தொடங்கிய அவர், 1926இல்தான் படிகமாக எடுத்தார். பதினேழு வயதில் வேட்டை விபத்தில் இடக்கையை இழந்தவர். நொதி என்பது புரதமே என்று அவர் சொன்னதை வில்ஸ்டேட்டர் போன்ற பெரிய வேதியியலாளர்கள் ஏற்கவில்லை; 1946இல்தான் நோபல் பரிசு கிடைத்தது. அவருடைய ஒன்பது ஆண்டுகளின் அருகில் என் எட்டு மாதங்களை வைக்க எனக்குத் தகுதியில்லை என்றாலும், அந்தக் கணக்கு எனக்குத் தெம்பு தந்தது.

மற்ற அளவீடுகள் ஒன்றரை ஆண்டில் முடிந்தன. தூய்மை நான்கு மடங்குதான் உயர்ந்தது என்பதை ஒரு மதிப்பீட்டாளர் குறையாகக் குறிப்பிட்டிருந்தார். பாலிலுள்ள புரதத்தில் பெரும்பகுதி இந்த நொதிகளே என்பதால் அதற்கு மேல் உயர இடமில்லை என்று கணக்கோடு பதில் எழுதினேன், ஏற்றுக்கொண்டார். 2016இல் நடந்த பொது வாய்மொழித் தேர்வில், புகை போன்ற அந்த ஜெல்லின் படத்தை ஆய்வேட்டில் ஏன் சேர்த்தாய் என்று புறத் தேர்வாளர் கேட்டார். மற்ற எல்லாப் படங்களையும் புரிந்துகொள்ள அதுதான் உதவியது என்றேன். அவர் அந்தப் பக்கத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு, மின்சாரம் எத்தனை நிமிடம் போயிருந்தது, கருவி எவ்வளவு நேரத்தில் 95 டிகிரியைத் தொட்டது என்றெல்லாம் விசாரித்தார். அடுத்த இருபது நிமிடங்கள் அந்த ஒரு படத்தைப் பற்றியே பேசினோம்.

இப்போது என்னிடம் வரும் மாணவர்களுக்கு முதல் வாரத்தில் ஒரே வேலைதான் தருகிறேன். ஒரே மாதிரியை மூன்றாகப் பிரித்து, ஒன்றை நேராகக் கொதிநிலையில் போட்டும், ஒன்றைக் குளிர்ந்த கருவியில் வைத்து மெல்லச் சூடாக்கியும், ஒன்றை அயோடோ அசிட்டமைடால் அடக்கியும், மூன்றையும் ஒரே ஜெல்லில் அடுத்தடுத்து ஓட்டச் சொல்கிறேன். பால் எடுக்க இன்னமும் கீழக்குயில்குடிக்குத்தான் போகிறோம். கண்ணாடி அணியாதவரை வண்டியிலிருந்து இறங்க விடுவதில்லை.