மாங்காய்க் கல்லை வைத்துச் சமன்பாடு

கிருஷ்ணகிரி மண்டிப் பக்கம் ‘கல் வைத்த பழம்’ என்பார்களே, அந்தக் கல் கால்சியம் கார்பைடு. ஈரம் பட்டதும் அசிட்டிலீன் வாயு கிளம்பும், நீர்த்த சுண்ணாம்பு மிஞ்சும். கல்லில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலப்பு இருக்கும். பழுக்க வைக்க இதற்குத் தடை உண்டு.

கல்லும் தண்ணீரும் சேர்ந்து வாயுவும் சுண்ணாம்பும் ஆவதை முதலில் இப்படி எழுதுங்கள்: CaC₂ + H₂O → C₂H₂ + Ca(OH)₂. இப்போது அணுக்களை எண்ணுங்கள். கால்சியம் 1, கார்பன் 2: இருபுறமும் சரி. ஹைட்ரஜன் இடப்பக்கம் 2, வலப்பக்கம் 4. ஆக்சிஜன் 1, 2. தண்ணீருக்கு முன்னால் 2 போட்டால் இரண்டும் ஒரே அடியில் தீரும்.

பிள்ளைகள் சறுக்குவது இங்கேதான்: முன்னால் போடாமல், தண்ணீரின் வாய்பாட்டுக்குள் ஆக்சிஜனுக்குக் கீழே 2 எழுதுகிறார்கள். அது ஹைட்ரஜன் பெராக்சைடு, வேறு பொருள்! கீழே உள்ள எண்ணைத் தொடவே கூடாது.

எடை போட்டும் பாருங்கள்: 64 கிராம் கல், 36 கிராம் தண்ணீர்; கிடைப்பது 26 கிராம் வாயு, 74 கிராம் சுண்ணாம்பு. இருபுறமும் 100.