1935 சட்டம் மண்டையில ஏறலையா? ஒரு கவர்னரோட நாலு வருஷத்த படிச்சுப் பாருங்க

ஹிஸ்டரி ஆப்ஷனல் எடுத்தவங்க, குரூப் 1 மெயின்ஸ்க்கு படிக்கிறவங்க நிறைய பேர் கேக்குறது, மாகாணங்களுக்கு சுயாட்சி தர்றதா சொன்ன 1935 இந்திய அரசுச் சட்டத்த எப்படி ஞாபகம் வச்சுக்கிறதுன்னு. பிரிவு 50, பிரிவு 52, பிரிவு 93னு வரிசையா மனப்பாடம் பண்ணா அடுத்த வாரமே ஒண்ணோட ஒண்ணு கலந்துடும். எனக்கு கைகொடுத்த வழி, இரண்டாம் உலகப் போர்க்காலத்துல இருந்த ஒரே ஒரு மாகாண கவர்னர எடுத்துக்கிட்டு அவர் வந்ததுலேர்ந்து போனது வரைக்கும் வருஷ வாரியா படிச்சதுதான். நான் எடுத்தது வங்காள கவர்னர் சர் ஜான் ஹெர்பர்ட்.

ஏன் வங்காளம்னா, 1939 செப்டம்பர்ல வைஸ்ராய் லின்லித்கோ யாரையும் கேக்காம இந்தியாவ போர்ல சேர்த்ததும் காங்கிரஸ் மந்திரிசபைங்க ராஜினாமா பண்ணிடுச்சு, மெட்ராஸ்ல ராஜாஜி அக்டோபர்லயே போயிட்டார், அதுல பெரும்பாலான மாகாணங்கள்ல பிரிவு 93 வந்து கவர்னர் ஆலோசகர்கள வச்சு நேரடியா ஆட்சி நடத்தினார். ஆனா வங்காளத்துல ஃபஸ்லுல் ஹக் மந்திரிசபை தொடர்ந்து இருந்துச்சு. அதனால தேர்ந்தெடுத்த முதலமைச்சரும் லண்டன் அனுப்பின கவர்னரும் போர் நேரத்துல ஒரே இடத்துல இருந்தா என்ன ஆகும்ங்கிறத அங்கதான் பாக்க முடியும்.

ஹெர்பர்ட் வர்றதுக்கு முன்னாடி பிரிட்டிஷ் பார்லிமென்ட்ல கன்சர்வேடிவ் எம்.பி., 1939 நவம்பர்ல கல்கத்தாவுக்கு வந்தார். முதல் ரெண்டு வருஷத்த வேகமா படிச்சுட்டுப் போயிடலாம், 1941 டிசம்பர்ல ஹக் முஸ்லிம் லீக்க விட்டு வெளிய வந்து இந்து மகாசபா தலைவர் ஷியாமா பிரசாத் முகர்ஜியோட சேர்ந்து புது கூட்டணி வச்சத மட்டும் குறிச்சுக்கோங்க.

நேரம் செலவு பண்ண வேண்டியது 1942லதான். மார்ச்ல ரங்கூன் விழுந்துச்சு, பர்மா அரிசி நின்னுச்சு, ஜப்பான்காரன் கடல் வழியா வந்தா அவன் கையில எதுவும் சிக்கக்கூடாதுன்னு கடலோர மாவட்டங்கள்ல உபரி நெல்லையும் அரிசியையும் வாங்கி அப்புறப்படுத்தினாங்க, பத்து பேருக்கு மேல ஏத்துற படகையெல்லாம் எடுத்துக்கிட்டாங்க இல்ல உடைச்சுப் போட்டாங்க. சுமார் 45 ஆயிரம் படகு இப்படி போச்சு. ஆறும் கழிமுகமுமா இருக்குற ஊர்ல படகு இல்லன்னா மீன்பிடிக்கிறவனுக்கு தொழில் இல்ல, விவசாயிக்கு தூரத்து நிலத்துக்குப் போக வழியில்ல, அரிசி ஊர் விட்டு ஊர் போகாது. இதுல மந்திரிசபைய ஓரங்கட்டிட்டு கவர்னர் நேரா அதிகாரிங்க மூலமா முடிவெடுத்தார்ங்கிறது ஹக்கோட குற்றச்சாட்டு, 1942 ஆகஸ்ட்ல கவர்னருக்கே நீளமா கடிதம் எழுதினார். இந்த இடத்துல நிறுத்திட்டு பிரிவு 50 எடுத்துப் படிங்க, மந்திரிசபை ஆலோசனை எங்க வேணும், கவர்னர் தன் விருப்பப்படி எங்க செய்யலாம்னு. அப்புறம் 52, அதாவது அமைதிக்கு ஆபத்து வராம பாத்துக்குற சிறப்புப் பொறுப்பு. அதுக்கப்புறம் அது மறக்கவே மறக்காது, ஏன்னா அந்த வரிக்குப் பின்னாடி எத்தன பேரோட சாப்பாடு இருந்துச்சுன்னு தெரிஞ்சுடும்.

1942 அக்டோபர் 16 மிதினாப்பூர் புயல், நவம்பர்ல முகர்ஜி ராஜினாமா, டிசம்பர்ல கல்கத்தா மேல குண்டு. 1943 மார்ச் 28 ராத்திரி ஹக்க கவர்னர் மாளிகைக்கு வரச்சொல்லி ராஜினாமா வாங்கினாங்க, கடிதம் ஏற்கனவே டைப் அடிச்சு ரெடியா இருந்துச்சுன்னு ஹக் பின்னாடி சொன்னார். சட்டசபையில பெரும்பான்மை இழக்காத ஒருத்தர இப்படி அனுப்பினத படிக்கும்போது எனக்கு உண்மையிலயே கோபம் வந்துச்சு. உடனே பிரிவு 93, ஏப்ரல் 24ல முஸ்லிம் லீக்கோட நாஜிமுதீன் மந்திரிசபை. அதுக்குள்ள பஞ்சம் கிராமத்துல ஆரம்பிச்சாச்சு. ஹெர்பர்ட் உடம்பு முடியாம போய் பீகார் கவர்னர் ரதர்ஃபோர்ட் தற்காலிகமா வந்தார், டிசம்பர்ல ஹெர்பர்ட் கல்கத்தாவுலயே இறந்துட்டார். 1944 ஜனவரில வந்தவர் ஆஸ்திரேலியாக்காரரான ரிச்சர்ட் கேசி.

நோட்ஸ் எடுக்கும்போது பக்கத்த ரெண்டா பிரிச்சு இடது பக்கம் சம்பவம், வலது பக்கம் அதுக்குப் பொருந்துற பிரிவுன்னு எழுதுங்க. மாகாண சுயாட்சி பேருக்குத்தானான்னு கேள்வி வந்தா இந்த ஒரு பக்கமே பாதி பதில்.

ஒண்ணு மட்டும் கவனமா இருங்க, பஞ்சத்த முழுசா கவர்னர் தலையில கட்டிடாதீங்க. விலைவாசி ஏறினது, மாகாணங்க தானியத்த வெளிய விடாம தடுத்தது, வியாபாரி பதுக்கினது, கப்பல் கேட்டப்ப லண்டன் போர் மந்திரிசபை தேவையான அளவு கொடுக்காதது எல்லாம் சேர்த்து எழுதணும். சாவு எண்ணிக்கைய எழுதும்போது விசாரணைக் கமிஷன் சொன்னது சுமார் 15 லட்சம், அமர்த்தியா சென் கணக்கு சுமார் 30 லட்சம்னு ரெண்டையும் போடுங்க, யாருதுன்னு சொல்லாம ஒரே எண்ண எழுதிட்டு வராதீங்க.

இது முடிஞ்சதும் மெட்ராஸ் கவர்னர் ஆர்தர் ஹோப், 1940லேர்ந்து 1946 வரைக்கும், இதே மாதிரி ஒரு பக்கம் போடுங்க. அங்க மந்திரிசபையே கிடையாது, 1942 ஏப்ரல்ல விசாகப்பட்டினத்துல குண்டு விழுந்ததும் மெட்ராஸ விட்டு ஜனங்க கிளம்பினது, ஆபீஸ்கள வெளியூருக்கு மாத்தினது எல்லாமே கவர்னரும் ஆலோசகர்களும் எடுத்த முடிவுதான். ரெண்டு பக்கத்தையும் பக்கத்துல வச்சுக்கிட்டு அரசியலமைப்போட 356வது பிரிவ (மாநிலத்துல குடியரசுத் தலைவர் ஆட்சி) திறங்க, பாலிட்டி பேப்பருக்கும் அதே நோட்ஸ் ஓடும்.